பட்டன் விட்டுப்போன குரைப்பு

வளர்த்த நாய் பட்டனைக் கொண்டுபோய்ப் பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணையில் விட்டுவிட்டு வந்த மறுநாள் காலையில், பத்தாம் வீட்டுப் போதும்பொண்ணு அடுப்பில் அரிசியை வைத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, ராத்திரி அழுத அழுகையின் மிச்சத்தை அழுதுகொண்டு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, அவள் வீட்டுக் குக்கர் குரைத்தது. விசில் வரவேண்டிய நேரத்தில் விசில் வரவில்லை. வெயிட் லேசாக ஆடியது, ஓரத்தில் ஆவி கசிந்தது, அப்புறம் வள் என்று ஒரு குரைப்பு, நெஞ்சு நிறைந்த சுத்தமான குரைப்பு. போதும்பொண்ணு வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டு "இந்தா வர்றேன்டா" என்று வாசலைப் பார்த்து எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான், வாசலில் அவன் இல்லை, நேற்றே கொண்டுபோய் விட்டாயிற்று என்பது நினைவுக்கு வந்தது. குக்கர் இன்னொரு தடவை குரைத்தது. மூன்றாவது தடவை குரைத்ததும் அவள் அடுப்பை அணைத்தாள், ஏனென்றால் அவள் வீட்டு அரிசிக்கு மூன்றுதான் கணக்கு, அது விசிலாக இருந்தால் என்ன, வேறொன்றாக இருந்தால் என்ன. சோறு பதமாகத்தான் வெந்திருந்தது.

அவள் புருஷன் சின்னமாயன் பாயில் படுத்தபடியே, "யாரு வந்துருக்கா?" என்று கேட்டான். "யாரும் வரல, சோறு வெந்துருச்சு" என்றாள். அவனும் சரி என்று எழுந்து பல் தேய்க்கப் போனான்.

திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு வீடு என்றால் லைன் வீடுதான். ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிற பத்து வீடு, ஒவ்வொன்றிலும் ஒரு அறையும் ஓர் அடுப்படியும், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம், முன்னால் மாடி வைத்த ஓனர் வீடு, அதற்கும் முன்னால் ஒரு பச்சை கேட். அந்த கேட்டுக்குள் உசிலம்பட்டிக்காரர்களும் விழுப்புரத்துக்காரர்களும் ஒடிசாவிலிருந்து வந்த பையன்களும் இருந்தார்கள், எல்லாருமே பனியன் கம்பெனிச் சனம். அத்தனை பேருக்கும் ஒரே சட்டம், அது ஓனரம்மா தெய்வாத்தாளின் சட்டம்.

தெய்வாத்தாள் கெட்டவள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஆளாளுக்கு அவளைத் திட்டாதீர்கள். லைனில் யாருக்காவது காய்ச்சல் என்றால் மிளகு ரசம் வைத்துக் கொண்டுவந்து, குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுப் போவாள். ஆனால் சட்டம் சட்டம்தான். புதிதாகக் குடிவருகிறவர்கள் பால் காய்ச்சும்போது அவள் வந்து நிலைப்படியில் நின்றுகொண்டு மூச்சு விடாமல் ஒப்பிப்பாள்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மொட்டை மாடியில் வற்றல் காயப்போடக் கூடாது, தொட்டித் தண்ணீரில் வண்டி கழுவக் கூடாது, நாய் பூனை ஆகாது, காலி பண்ணும்போது கொண்டுவந்தது அத்தனையும் கொண்டுபோக வேண்டும், வீட்டில் இருந்தது அத்தனையும் வைத்துவிட்டுப் போக வேண்டும். கடைசிச் சட்டத்தில் அவள் ரொம்பக் கறார். ஒருதரம் ஒரு குடித்தனக்காரன் மறந்துவிட்டுப்போன கிழிந்த குடையைக் கொடுப்பதற்காகத் தன் புருஷன் ராசப்பனை ஈரோடு வரைக்கும் பஸ் ஏற்றி அனுப்பினவள் அவள். ராசப்பனும் போய்க் கொடுத்துவிட்டு வந்தார், அவர் பேசாத மனுஷன், சொன்னதைச் செய்வார், பேப்பர் படிப்பார்.

அப்படிப்பட்ட சட்டத்துக்குள் பட்டன் எப்படி வந்தான் என்றால், பாலோடு வந்தான். போதும்பொண்ணும் சின்னமாயனும் குடிவந்த அன்றைக்கு, சாமான் சட்டியோடு ஒரு மூட்டை பனியன் வேஸ்ட்டும் வந்தது, தலையணைக்குத் திணிக்கலாம் என்று கம்பெனி வாசலில் அள்ளிக்கொண்டது. நல்ல நேரம் முடிவதற்குள் பால் காய்ச்ச வேண்டுமே என்கிற பதற்றத்தில் மூட்டையை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பால் பொங்கியது, எல்லாரும் பொங்கிருச்சு பொங்கிருச்சு என்று சந்தோஷப்பட்டார்கள், போதும்பொண்ணு முதல் கரண்டிப் பாலை ஒரு கிண்ணத்தில் ஊற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு ஊதுபத்தியைத் தேடித் திரும்பினாள். திரும்பி வருவதற்குள் மூட்டையைப் பிளந்துகொண்டு உள்ளங்கை அளவு கறுப்புக் குட்டி ஒன்று வெளியே வந்து, கண்ணுக்கு மேலே தைத்த மாதிரி இரண்டு வட்டச் செவலைப் பொட்டோடு, கிண்ணத்தில் வாயை வைத்துச் சாமிப் பாலைக் கடைசிச் சொட்டுவரை நக்கிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, தன் வாழ்க்கையின் முதல் குரைப்பைக் குரைத்தது. தெய்வாத்தாள் கையை ஓங்கினாள், ஓங்கின கையை இறக்கினாள். பால் காய்ச்சுகிற அன்றைக்கு வீட்டுக்குள் வந்த உயிரை விரட்டக் கூடாது என்பது அவள் சட்டத்தைவிட மூத்த வழக்கம். "கொஞ்சம் வளர்ற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, பாத்திரத்திலிருந்த பாலில் ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போனாள்.

வளர்ற வரைக்கும் என்றாளே தவிர எவ்வளவு வளர்ற வரைக்கும் என்று சொல்லவில்லை. பட்டன் வளர்ந்தான், கேட்டுக்குள் இருந்த எல்லாருடைய சோற்றையும் தின்று வளர்ந்தான். பால்காரனுக்கு ஒரு குரைப்பு, பூனைக்கு ஒரு குரைப்பு, தெரியாத ஆளுக்கு ஒரு குரைப்பு என்று வகைவகையாக வைத்திருந்தான். போதும்பொண்ணு ஒன்றரை ஷிப்ட் முடித்து, ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து விறைத்துப்போன முதுகோடு தெருமுனை திரும்பும்போது, அவளுக்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தான்: ரெண்டு சின்னது, ஒரு பெரிசு. சின்னமாயன் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன், பனியன் பண்டல் ஏற்றிக்கொண்டு போனால் தூத்துக்குடி போய் வரும்வரை வீட்டில் தலை தெரியாது. அவள் பிறந்த வீட்டிலோ ஐந்தாவதாகப் பிறந்த பெண்ணாச்சே என்று அவளுக்குப் போதும் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள், அவள் வருகிறாள் என்று அதுவரைக்கும் ஒருத்தரும் சந்தோஷப்பட்டுச் சத்தம் போட்டதில்லை. அந்த ரெண்டு சின்னது ஒரு பெரிசுக்காகவே அவள் தெருமுனையில் நடையை எட்டிப்போடுவாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தெய்வாத்தாளின் மகள் மௌனிகாவைப் பெண் பார்க்கக் காங்கேயத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறவரை. மாப்பிள்ளையின் தாய்மாமன் கரைவேட்டி கட்டி, மீசை முறுக்கி, கூட்டத்துக்கு முன்னால் முதல் ஆளாக கேட்டைத் திறந்தார். பட்டன் தெரியாத ஆளுக்கு உள்ளதை எடுத்து விட்டான். மாமன் துவைக்கிற கல்லின்மேல் ஏறிவிட்டார், வேட்டி மட்டும் ஏறவில்லை, அது கீழேயே நின்றுவிட்டது. பத்து வீட்டு ஜன்னலும் பார்த்தது. சம்பந்தம் என்னவோ நின்றுபோகவில்லை, மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது, ஆனால் மாமன் போகும்போது, நிச்சயத்துக்கு நான் வரும்போது இந்த கேட்டுக்குள் நாய் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

சாயங்காலம் தெய்வாத்தாள் பத்தாம் வீட்டு வாசலுக்கு வந்தாள். "வளர்ற வரைக்கும்னு சொன்னேன், வளர்ந்துருச்சு. மாசக் கடைசிக்குள்ள அதக் கொண்டுபோயி எங்கியாச்சும் உட்டுப்போடோணும் அம்மிணி. இல்லாட்டி நீங்க வேற ஊடு பாத்துக்குங்க" என்றாள். சொல்லும்போது அவள் போதும்பொண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை, முருங்கை மரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

போதும்பொண்ணு வேறு வீடுதான் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளும் சின்னமாயனும் பட்டனையும் கூட்டிக்கொண்டு டூலெட் போர்டு கண்ட கேட்டெல்லாம் ஏறி இறங்கினார்கள். எல்லா ஓனரும் முதலில் எத்தனை பேர் என்று கேட்டார்கள், அப்புறம் குனிந்து பட்டனைப் பார்த்தார்கள், அப்புறம் வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். பிளாட்பாரத்தில் படுத்துக்கொள்கிறேன், இவனை விடமாட்டேன் என்று அவள் சொன்னதற்கு, "பிளாட்பாரத்துல பிளக் பாயிண்ட் இருக்கா, உன் செல்லுக்குச் சார்ஜு எங்க போடுவ?" என்று சின்னமாயன் கேட்டான். சிரிக்க வைக்கத்தான் கேட்டான், ஆனால் அவனும் அழுதுவிட்டான். கடைசியில் கூட வேலை செய்கிறவள் ஒருத்தியின் அண்ணன் மாகாளியப்பன், தன் கோழிப்பண்ணைக்குக் காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்றான். நல்ல இடம்தான், வேப்பமரம் இருக்கிறது, கோழிக் குடல் கிடைக்கும் என்று எல்லாரும் அவளுக்குச் சொன்னார்கள், அவளும் பட்டனுக்கு அதையே சொல்லிவிட்டு வந்தாள். இது நடந்த மறுநாள்தான் குக்கர் குரைத்தது.

பத்தாம் வீட்டோடு நிற்கவில்லை அது. அடுத்தடுத்து ஒன்பதாம் வீட்டில் குரைத்தது, எட்டாம் வீட்டில் குரைத்தது, லைன் முழுக்கப் பரவி, காலை ஆறு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் டிபன் பாக்ஸ் கட்டுகிற அவசரத்தில் இருக்கும்போது பத்துக் குக்கரும் மாற்றி மாற்றிக் குரைத்தன. எட்டாம் வீட்டு அல்லிராணிதான் முதலில் குக்கர் ரிப்பேர்க்காரரைத் தெருவில் கூப்பிட்டாள். அவர் வந்து ரப்பரை மாற்றினார், வெயிட்டை மாற்றினார், தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டுக் காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். புது வெயிட் பழையதைவிடச் சத்தமாகக் குரைத்தது. "குக்கர்ல ஒரு கோளாறும் இல்லீங்க்கா, நல்ல கண்டிஷன்ல கொரைக்குது" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் லைன்காரர்கள் அதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டார்கள், கவலைப்பட அவர்களுக்கு நேரம் ஏது, ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதிவிடும். கவலைக்குப் பதிலாகக் கணக்குப் பழகிக்கொண்டார்கள். பச்சரிசிக்கு மூணு குரைப்பு, ரேஷன் அரிசிக்கு அஞ்சு, துவரம்பருப்புக்கு நாலு, கொண்டைக்கடலை என்றால் அது தொண்டை கட்டுகிறவரை விட வேண்டும். உள்ளே ஆட்டுக்கறி இருந்தால் குக்கர் குரைக்காது, குழையும், ஊளையும் கெஞ்சலுமாக ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்தை வைத்தே எந்த வீட்டில் இன்றைக்குக் கறி என்று தெரிந்து, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டார் கிளம்பிவிடலாம். பாகற்காயை வேகவைத்தால் உறுமும். கேஸ் தீரப்போகிற அன்றைக்குச் சிலிண்டரைப் பார்த்து விடாமல் குரைக்கும், அதனால் அந்த லைனில் பாதிச் சமையலில் கேஸ் தீர்ந்தது என்கிற பேச்சே இல்லாமல் போயிற்று. ஏழாம் வீட்டு ஒடிசாப் பையன்கள் தங்கள் குக்கருக்கு ஒரு பெயர் வைத்து, அது குரைக்கும்போதெல்லாம் பெயர் சொல்லிப் பதில் கொடுத்தார்கள். தெருப்பூனைகள் அடுத்த தெருவுக்குக் குடிமாறிப் போயின. பக்கத்துத் தெருக்காரர்கள் இரண்டு மூன்று சாயங்காலம் வந்து கேட்டில் நின்று கேட்டுவிட்டு, எங்க வீட்டு மிக்சிகூட அப்படித்தான் ஒருமாதிரி சத்தம் போடுது என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அப்புறம் வரவில்லை.

போதும்பொண்ணு மட்டும் அதைக் கணக்காகப் பழகவில்லை. அவள் தேவைக்கும் சமைத்தாள், தேவையில்லாமலும் சமைத்தாள். சோறு முடிந்தால் பருப்பு வைத்தாள், பருப்பு முடிந்தால் உருளைக்கிழங்கு வைத்தாள், ஒன்றும் இல்லாதபோது வெறும் தண்ணீரை வைத்துவிட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். சின்னமாயன் வேளா வேளைக்கு அவித்த கிழங்கைத் தின்று, வாயுத்தொல்லை வந்து, அதையும் பொறுத்துக்கொண்டான். ஒருநாள் ஷிப்ட் முடிந்து, குரைப்பில்லாத தெருமுனையைத் தாண்டி, குரைப்பில்லாத கேட்டைத் திறந்து, வீட்டுக்குள் வந்து, முகம்கூடக் கழுவாமல் குக்கரை ஏற்றினாள். அது ஆவி கட்டி, வெயிட்டை ஆட்டி, அவளுக்கென்று இருந்த அதைச் சொன்னது. ரெண்டு சின்னது, ஒரு பெரிசு. போதும்பொண்ணு அடுப்படித் தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பெற்ற தாய் செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை என்று அல்லிராணி பின்னால் எல்லாரிடமும் சொன்னாள்.

அந்த வாரம்தான் கோழிப்பண்ணையிலிருந்து போன் வந்தது. மாகாளியப்பன் ரொம்பக் கோபமாக இருந்தான், ஆனால் என்ன கோபம் என்று அவனுக்கே சொல்ல வரவில்லை.

"அம்மிணி, உங்க நாயி கொரைக்கறதே இல்லீங்க. வாயத் தொறந்தா குக்கராட்டம் விசிலடிக்குதுங்க."

பட்டன் விசிலடிக்கும்போதெல்லாம் மாகாளியப்பன் பெண்டாட்டி ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுகிறாளாம், ஒருவாரமாக வீட்டில் எதுவுமே வேகவில்லையாம். கீரி வந்த அன்றைக்குப் பட்டன் முறையாகத் துரத்திக்கொண்டுதான் போயிருக்கிறான், போய் நின்று மூன்று விசில் விட்டிருக்கிறான், கீரியும் எங்கேயோ சோறு வெந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நிதானமாகக் கோழியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து கூட்டிக்கொண்டு போகாவிட்டால், கேரளாவுக்குக் கோழி ஏற்றுகிற லாரியில் ஏற்றிவிட்டுவிடுவேன், வழியில் எங்கேயாவது இறக்கிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு மாகாளியப்பன் போனை வைத்தான்.

போதும்பொண்ணு, காலில் விழுந்தாவது கேட்டுப் பார்ப்போம் என்று ஓனர் வீட்டுக்குப் போனாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நிச்சயம், வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தார்கள், ராசப்பன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் அடுப்படி வாசலில் நின்று அம்மா என்று கூப்பிடுவதற்கும் உள்ளே குக்கர் குரைப்பதற்கும் சரியாக இருந்தது. தெய்வாத்தாள் கரண்டியோடு அப்படியே நின்றாள். லைனே குரைத்தபோதும் தன் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டு, பாதி நாள் சோற்றைப் பானையில் வடித்துச் சமாளித்துக்கொண்டிருந்தவள், இன்றைக்கு அகப்பட்டுக்கொண்டாள். கூடத்தில் பேப்பர் குலுங்கியது.

"சிரிக்காதீங்க" என்றாள் தெய்வாத்தாள், கூடத்தைப் பார்த்து.

போதும்பொண்ணு கோழிப்பண்ணைச் சேதியைச் சொன்னாள், லாரிச் சேதியைச் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள். தெய்வாத்தாள் அழுகையை விட்டுவிட்டு ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்படியென்றால் இங்கே இருந்த விசில் எல்லாம் அங்கே இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் போதும்பொண்ணு. அதனுடைய குரைப்பை அது இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறதா என்று கேட்டாள். விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது என்றாள். தெய்வாத்தாளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு கிழிந்த குடைக்கு ஈரோடு வரைக்கும் ஆள் அனுப்பினவள் அவள்.

"அதெப்புடி? கொண்டாந்தத வெச்சுப்போட்டு, ஊட்டுல இருந்தத எடுத்துட்டுப் போயிருக்குது. எந்த ஊரு நியாயம் இது? போயிக் கூட்டியாரச் சொல்லு உன்ற ஊட்டுக்காரன. வந்து அததுல உள்ளத அததுல வெச்சுப்போட்டு அப்பறம் போகட்டும்."

அப்புறம் போகட்டும் என்றது போதும்பொண்ணின் காதில் விழத்தான் செய்தது. ஆனாலும் ஒரு நாளாவது வருகிறானே என்று அவள் மனசு அதற்குள் வாசலுக்கு ஓடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சின்னமாயன் குட்டியானையில் போய்ப் பட்டனை ஏற்றிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் பட்டன் காற்றைப் பார்த்து விசிலடித்துக்கொண்டே வந்தான், சாலையோரத்து மெஸ்களில் ஆட்கள் உள்ளே ஓடி அடுப்பைக் குறைத்தார்கள். கேட்டில் லைனே நின்றது. வண்டி நிற்பதற்கு முன்னாலேயே பட்டன் குதித்து, போதும்பொண்ணின் மேல் பாய்ந்து, தோளில் காலைப் போட்டு, உஸ்ஸ்ஸ் உஸ்ஸ்ஸ் என்று அவள் முகம் முழுக்க ஆவியடிக்கிற மாதிரி விசில் விட்டான். ரெண்டு சின்னது, ஒரு பெரிசு. "என் சாமி, இளைச்சுப் போயிட்டியேடா" என்றாள் அவள். உண்மையில் கோழிக் குடல் தின்று அவன் குண்டாகியிருந்தான்.

அப்புறம் வேலையை ஆரம்பித்தார்கள். பத்து வீட்டுக் குக்கரையும் அடுப்போடு வாசலுக்குக் கொண்டுவந்து வரிசையாக ஏற்றி வைத்து, நடுவில் பட்டனை உட்கார வைத்தார்கள். குக்கர் எல்லாம் குரைத்தன, பட்டன் விசிலடித்தான். அவனைத் தூக்கி ஒவ்வொரு குக்கர் பக்கத்திலும் வைத்துப் பார்த்தார்கள், அவன் படுத்த துணியைக் குக்கர் மேல் போர்த்திப் பார்த்தார்கள், அல்லிராணி ஒரு வெயிட்டைக் கழுவி அவன் மூக்கின் மேலேயே வைத்துப் பார்த்தாள். அவன் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் மூக்கை ஆட்டாமல் வைத்திருந்துவிட்டுத் தும்மினான். குரைப்பு இருந்த இடத்தில் இருந்தது, விசில் இருந்த இடத்தில் இருந்தது.

அப்போதுதான் ராசப்பன் பேப்பரை மடித்துவிட்டுப் பேசினார். "பால் காய்ச்சுன அன்னைக்குத்தானே அதுக்குத் தொண்டை தொறந்துச்சு. பாலக் காய்ச்சிப் பாருங்களே" என்றார். ராசப்பன் பேசினார் என்பதே எல்லாருக்கும் பெரிய ஆச்சரியமாக இருந்தது, குக்கர் குரைத்ததுகூட அப்படி இல்லை.

தெய்வாத்தாள் விறுவிறுவென்று உள்ளே போனாள். மகள் நிச்சயத்துக்கென்று துலக்கி வைத்திருந்த பித்தளைப் பாத்திரத்தை எடுத்தாள், பாலை ஊற்றினாள், பத்தாம் வீட்டு அடுப்பில் கொண்டுவந்து வைத்தாள், தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசலில் நின்றவர்களுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் ஒவ்வொருத்தராகப் புரிந்துகொண்டார்கள். பால் காய்ச்சுவது குடிவருகிறவர்களுக்கு. காலி பண்ணிக்கொண்டு போகிறவர்களுக்கு யாரும் எங்கேயும் பால் காய்ச்சுவதில்லை. போகிறவனுக்கு ஊற்றுகிற பால் வேறு, அதைக் கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் நினைக்கக்கூடக் கூடாது. இந்த நாய் திரும்பிப் போவதற்காக இந்த அடுப்பைப் பற்றவைத்தால், அது மகள் நிச்சயத்துக்கு முன்னால் தன் கையாலேயே ஆகாத காரியத்தைச் செய்ததாகிவிடும். பற்றவைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை மாமனுக்கு முன்னால் அடுப்படி குரைக்கும்.

தெய்வாத்தாள் தீப்பெட்டியைப் பார்த்தாள், பாலைப் பார்த்தாள், பட்டனைப் பார்த்தாள். பட்டன் அவள் காலடியில் வந்து உட்கார்ந்து, வாலால் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தான். போதும்பொண்ணு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், சின்னமாயன் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். அவள் இந்த ஒரு தீக்குச்சியில்தான் தன் பிழைப்பே இருக்கிறது என்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடி வர்றதுக்குத்தான் பால் காய்ச்சோணும்" என்றாள் தெய்வாத்தாள், யாருக்கும் இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. அப்புறம், "சரி. குடி வரட்டும்" என்றாள்.

அல்லிராணி குலவை போட வாயெடுத்தாள், தெய்வாத்தாள் கையைக் காட்டி நிறுத்தினாள். சட்டம் இன்னும் சொல்லவில்லையே. அவள் நிலைப்படிக்குப் போய், பட்டனைப் பார்த்துத் திரும்பி நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சு விடாமல் ஒப்பிக்க ஆரம்பித்தாள். சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. மொட்டை மாடியில வத்தல் காயப்போடக் கூடாது. தொட்டித் தண்ணியில வண்டி கழுவக் கூடாது. பட்டன் காதைத் தூக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டான். அடுத்த சட்டத்துக்கு வந்ததும், "நாய்..." என்று ஆரம்பித்துவிட்டுத் தெய்வாத்தாள் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த இடத்தில் நின்றதே இல்லை.

"பூனை ஆகாது" என்றாள். "காங்கயத்து மாமன் வேட்டியப் பாத்துக் கொரைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

பாலைக் காய்ச்சினார்கள். அது பொங்கி, பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி, அடுப்பில் வழிந்து மணத்தது. இந்தத் தடவை யாரும் ஊதுபத்தியைத் தேடித் திரும்பவில்லை, போதும்பொண்ணு முதல் கரண்டியைக் கிண்ணத்தில் ஊற்றி, ஊதி ஊதி ஆற்றி, தன் கையாலேயே பட்டன் முன்னால் வைத்தாள். அவன் நக்கினான், கடைசிச் சொட்டுவரை நக்கினான், நிமிர்ந்து உட்கார்ந்தான், குரைத்தான். அந்த நொடியில் வாசலில் வரிசையாக நின்ற பத்துக் குக்கரும் ஓனர் வீட்டுக் குக்கரும் சேர்ந்து, இத்தனை நாள் விட முடியாமல்போன விசிலை எல்லாம் ஒன்றாக விட்டன. அந்தச் சத்தத்துக்குத் தெரு முழுக்கப் பெண்கள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார்கள், அன்றைக்கு அந்தத் தெருவில் பாதி வீட்டில் பருப்பு வேகவில்லை. சின்னமாயன் ஒரு டம்ளர் பாலைக் கையில் வைத்துக்கொண்டு, இனிமேல் அவித்த கிழங்கு இல்லை, இனிமேல் அவித்த கிழங்கு இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காங்கேயத்து மாமன் வந்தார், கேட்டைத் தானே திறக்காமல் வெளியிலேயே நின்றார், ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பட்டன் கேட்டருகில் சட்டப்படி வாயை மூடி உட்கார்ந்திருந்தான். நாய் இருக்கிறதே என்று மாமன் இழுத்தார். தெய்வாத்தாள் பட்டுப்புடவை சரசரக்க வந்து கேட்டைத் திறந்தாள்.

"நாயெங்கீங்க இருக்குது? அவன் பத்தாம் ஊட்டுல குடியிருக்கறவனுங்க. பால் காய்ச்சிக் குடிவந்தவன். நீங்க வாங்க."

மாமன் பட்டனைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். தட்டு மாற்றினார்கள், பூ வைத்தார்கள், எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து நாள் குறித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் குக்கர் ஒரு விசில் விட்டது, இன்னொரு விசில் விட்டது, மூன்றாவதுக்குக் குரைத்தது. சின்னக் குரைப்புதான், ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது. மாமன் மெல்ல எட்டி ஜன்னல் வழியாக கேட்டைப் பார்த்தார், அங்கே பட்டன் வாயை மூடிக்கொண்டு போதும்பொண்ணின் மடியில் தலையை வைத்திருந்தான்.

அந்த ஒரு குரைப்பைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது குக்கரா தெய்வாத்தாளா என்று லைனில் யாருக்கும் இன்றுவரை தெரியாது. ரிப்பேர்க்காரர் தெருவில் கூவிக்கொண்டு போகும்போது அவள் கேட்டைச் சாத்திவிடுகிறாள் என்பது மட்டும் தெரியும். அன்றைக்கு அவள் யார் முகத்தையும் பார்க்காமல், பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"சோறு வெந்துருச்சு. எலையப் போடுங்க."